அக்காவைச் சுற்றி நான்கு அடி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்காவைக் காற்று கைவிட்டது. அன்றிலிருந்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு பலமாக வீசினாலும், அவளைச் சுற்றி நான்கு அடிக்குள் காற்று வரவில்லை. அதை அளந்தவர் கீழ்த்தளத்து அச்சகக்காரர். நீளமான காகிதப் பட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி அவர் அவளை நோக்கி நடந்து வந்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்த பட்டை ஓரிடத்தில் சட்டென்று துவண்டு தொங்கியது. அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு டேப் வைத்துப் பார்த்தார். எட்டுத் திசையிலும் நான்கு அடிதான், கால் அங்குலம் முன்னே பின்னே. வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுதான் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

தெருவில் எல்லோருமே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்த அச்சகக்காரர் உட்பட. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, விசாரித்தவர்களிடம் நேரம் கிடைக்கவில்லை என்பாள், அது உண்மையும்கூட. அச்சகத்துக்கு மேலே மூன்றாம் மாடியில், நான்கு மேஜைகளும் ஓர் இரும்பு அலமாரியும் இரண்டு ஜன்னல்களும் இருந்த அறையில், எபிரேயர்களின் பழைய மறைநூலைப் புதிதாகத் தமிழில் கொண்டுவரும் குழு வேலை பார்த்தது. குழுவென்றால் நான்கு பேர். தலைவர், பழைய மொழிகள் கற்பித்து ஓய்வு பெற்றவர். வேறு இருவர் சட்டங்களையும் வம்ச வரிசைகளையும் கவனித்துக்கொண்டார்கள். அவர்கள் வேலை சிக்கலில்லாமல் நடந்தது, எனவே அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முரண்டு பிடிக்கும் சொற்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார் தலைவர். அக்காவின் பங்குக்கு வந்தது ரூவாஹ் என்ற சொல்.

அந்த மொழியில் காற்றுக்கும் அதுதான் பெயர், மூச்சுக்கும் அதுதான் பெயர், கடவுளிடமிருந்து புறப்பட்டு வந்து மனிதர்மேல் இறங்குகிற ஒன்றுக்கும் அதுதான் பெயர். எல்லாம் தொடங்கும் முன்பு இருட்டில் தண்ணீருக்கு மேலே குஞ்சு பொரிக்கும் பறவைபோலச் சிறகடித்துக்கொண்டிருந்தது அது. கடலைப் பிளந்து வழி விட்டது அது. ஒரு கைவினைஞனின் விரல்களுக்குள் புகுந்து அவனுக்குத் தெரியாத வேலையெல்லாம் செய்ய வைத்தது. பயந்தாங்கொள்ளி ஒருவனை எடுத்துச் சட்டைபோல மாட்டிக்கொண்டு போருக்குப் போனது. ஓர் அரசன்மேல் வந்து அவனை வேறு ஆளாக்கி, பிறகு ஒருநாள் அவனை விட்டுவிட்டுப் போனது. மொத்தம் முந்நூற்று எழுபத்தெட்டு இடங்கள். இடத்துக்கு ஒன்றாக அட்டைகள் வெட்டி அடுக்கினாள் அக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் அட்டையை எடுத்து, பென்சிலைச் சீவி, ‘பொருள்’ என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். அதே நேரம் இரண்டு ஜன்னல் வழியாகவும் ஒரு காற்று வந்து மூன்று மேஜைக் காகிதங்களையும் கூரைவரை கிளப்பியது. எல்லோரும் ஓடியாடிப் பொறுக்கி முடித்த பிறகுதான், நான்காவது மேஜையில் ஓர் அட்டைகூட அசையவில்லை என்பதைக் கவனித்தார்கள்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலம் வந்தபோதுதான் வலித்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்வையில் தொப்பலாக நனைந்தாள். விசிறி மட்டையால் விசிறினால் கை வலித்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அவள் துவைத்துப் போட்ட துணிகள் கொடியில் பலகைபோலத் தொங்கின; அவள் வீட்டுக்குள் போன பிறகே படபடத்தன. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, மூச்சில் கோளாறு இல்லை, இதற்கென்று தனியாக மருந்தும் இல்லை என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தெருவுக்கோ பதினைந்து நாளில் பழகிப்போயிற்று. பலத்த காற்றில் தீக்குச்சி கிழிக்க வேண்டியவர்கள் அவள் பக்கத்தில் வந்து நின்று பற்றவைத்துக்கொண்டு போனார்கள். புழுதி கிளம்பினால் கைக்குழந்தையுள்ள பெண்கள் ஒரு பேச்சுமில்லாமல் அவளோடு சேர்ந்து நடந்தார்கள். புகைப்படக்காரர் ஒருவர், கல்யாணப் பெண்ணின் முடி கலையாமலிருக்க, படத்தில் விழாத தூரத்தில் அவளைக் குனிந்து உட்காரச் சொன்னார். அவளும் போய் உட்கார்ந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவளை நிஜமாகவே குடைந்த விஷயம் வேறு. காற்று அவளைக் கைவிட்ட அதே வாரம், வியாழக்கிழமை, அது அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

தம்பி ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவன். முப்பத்தாறு வயது, வெட்டுகிற கண்ணாடியெல்லாம் ஒரு ஓரம் கோணும், மக்குப் பசை பூசி மறைத்துவிடுவான். சாமி என்றும் சாத்திரம் என்றும் அவன் யோசித்ததே கிடையாது. அக்கா செய்யும் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், ஏதோ பழைய எழுத்து என்பான். அன்றைக்கு ஆறடிக் கண்ணாடி ஒன்றை மார்போடு அணைத்துத் தெருவைக் கடந்துகொண்டிருந்தவன், பாதித் தெருவில் தரையை விட்டுக் கிளம்பி, மின்கம்பிகளுக்கு மேலே போய், மருந்துக் கடையின் மொட்டை மாடியில் நின்றபடியே இறங்கினான். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி கப்பல் பாய்போலக் காற்றைப் பிடித்திருக்கும் என்று எல்லோரும் நியாயம் சொன்னார்கள். அடுத்த வாரம் கண்ணாடி இல்லாமலே போனான்.

அவன் மனைவி பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையும் விசிலுமாக அவள் வேலை பார்த்த தடத்தில் முப்பத்திரண்டு நிறுத்தங்கள். எந்த நிறுத்தத்தில் கணவன் இறங்கியிருப்பான் என்று பார்த்துக்கொண்டே போவது அவள் வேலையோடு சேர்ந்துபோயிற்று. சோப்பு வாங்கப் போன ஆள் பதினெட்டாவது நிறுத்தத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருப்பான். ஏறு என்பாள், ஏறுவான். கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பான். ஒருமுறை காற்று அவனை ஒரு கோழிக் கூண்டின்மேல் உட்கார வைத்திருந்தது. ஒருமுறை, மின்சாரம் போய் நடுவில் நின்றுவிட்ட லிஃப்ட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அவன் அந்த இரும்புக் கதவைத் தீப்பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்து உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த இருவரை வெளியே எடுத்தான். மறுநாள் அவனால் ஊறுகாய்ப் புட்டி மூடியைத் திறக்க முடியவில்லை. மற்றபடி அது அவனை இறக்கிவிட்ட இடங்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அக்கா அந்த இடங்களையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து, வரைபடத்தில் புள்ளி வைத்து, கோடு போட்டு இணைத்துப் பார்த்தாள். கோழி கிளறிய மண்ணைப்போல இருந்தது.

சனிக்கிழமைதோறும் அவனை எதிரே உட்கார வைத்து விசாரிப்பாள். வருவதற்கு முன்னால் குளிர்கிறதா, சுடுகிறதா? வெளியிலிருந்து தள்ளுகிறதா, உள்ளேயிருந்து கிளம்புகிறதா? யாரோ இருப்பதுபோல இருக்கிறதா, வெறும் வேகம் மட்டுமா? தம்பி தலையைச் சொறிவான். அவனுக்கு அக்காமேல் மரியாதை உண்டு. அவள் கேட்பதற்கு உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மெனக்கெடுவான்.

“காத்து மாதிரிதான்க்கா இருக்கு. ஆனா, ஆள் மாதிரியும் இருக்கு.”

“ரெண்டுல எது?”

“அதான் சொல்றேனே. ரெண்டு மாதிரியும்.”

“மாதிரி மாதிரின்னா நான் என்னத்தடா எழுதறது?”

அவள் பென்சிலை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து போவாள். பதினேழு வயதிலிருந்து அந்த மொழியைப் படித்தவள் அவள். பாடம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் உட்கார்ந்து வலமிருந்து இடமாக எழுத்துக் கூட்டியவள். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது கடைசி எழுத்தில் தொண்டையிலிருந்து மெல்ல ஒரு காற்று வெளியே வர வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று பழகியவள். வருவதாக இருந்தால் அது தன்னிடம்தான் வந்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் பட்டினி கிடந்து பார்த்தாள். அதிகாலையில் மொட்டை மாடியில் கைகளை விரித்து நின்று பார்த்தாள். பக்கத்து மாடியில் கொடித் துணிகள் பேயாட்டம் ஆட, அவள் காதோர முடி ஒன்றுகூட அசையவில்லை. எதுவுமே வேண்டாம் என்பதுபோல அலட்சியமாக இருந்தும் பார்த்தாள், ஓர் ஆண்டு. அதற்கும் பலனில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கினால் சேர்ந்தே தூக்கட்டும் என்று ஒரு பகல் முழுக்க நின்றாள். அன்று அவனையும் அது தூக்கவில்லை. அவள் பக்கத்தில் இருக்கும்வரை அது அவனிடமும் வராது என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

தலைவர் நல்ல மனிதர். ஒருநாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அதே மறைநூலில் வேறொரு இடம் இருப்பதை நினைவூட்டினார். ஒருவர் மலைமேல் நின்றார், பாறையைப் பிளக்கிற காற்று வந்தது, அந்தக் காற்றில் கடவுள் இல்லை; எல்லாம் ஓய்ந்தபின் மெல்லிய அமைதி ஒன்று கேட்டது. உங்களைச் சுற்றி இருப்பது அதுவாக ஏன் இருக்கக்கூடாது என்றார்.

“ஆறுதலுக்குன்னு தேடினா ஆளுக்கொரு வசனம் கிடைக்கும் ஐயா,” என்றாள் அக்கா. “எனக்கு வேர்க்குது.”

தலைவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்படியே எட்டு ஆண்டுகள் போயின. நூலின் மற்ற பகுதியெல்லாம் முடிந்துவிட்டது. அச்சகக்காரர் பக்கங்களைக் கோத்து, அந்தச் சொல் வரவேண்டிய முந்நூற்று எழுபத்தெட்டு இடங்களில் மட்டும் வெள்ளையாக விட்டு, தாள்களை அடுக்கி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை மேலேறி வந்து, சின்ன ஒரு வார்த்தைக்காக ஒரு அறையையே அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று முனகிவிட்டுப் போவார். அக்காவுக்கு எந்தச் சொல்லும் திகையவில்லை. காற்று என்று போட்டால் வெறும் வானிலை அறிக்கையாகிவிடுகிறது. மூச்சு என்றால் ஒரு மனிதனுடைய மார்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆவி என்றால் ஒருவருக்குச் சளி பிடித்தால் முகத்தில் பிடிக்கிற வெந்நீர்ப் புகை, இன்னொருவருக்குப் புளியமரத்தில் இருப்பது. எழுதுவாள், அழிப்பாள். அழித்து அழித்து அட்டைகள் சல்லடையாகிப்போயின. கண்டக்டரின் அம்மா ஒருமுறை வந்திருந்தபோது, மாப்பிள்ளைக்குக் காத்து கருப்பு ஏதோ அண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று போகிற போக்கில் சொன்னாள். அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருடம் படித்தும் தனக்குத் தோன்றவில்லையே, நம் பேச்சிலும் காற்றென்றால் காற்று மட்டுமில்லையே என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தாள். ஆனால் கடவுளின் காத்து கருப்பு என்று அச்சில் போட முடியாது. அந்த அட்டையையும் கிழித்துப் போட்டாள்.

ஒன்பதாம் ஆண்டில் பெருங்காற்று வந்தது. அதற்கு முந்திய நாள் தம்பி கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது தூக்கப்பட்டான், திரும்பவில்லை. கண்டக்டர் முப்பத்திரண்டு நிறுத்தத்திலும் பார்த்தாள், டிப்போவில் எல்லா ஓட்டுநர்களிடமும் சொல்லி வைத்தாள். மறுநாள் மரங்கள் சாய்ந்தன, பஸ்கள் நின்றன. மூன்றாம் நாள் காலை, பஸ்கள் நிற்கும் முன்பு கடைசியாக வண்டி ஓட்டி வந்த ஓட்டுநர் ஒருவர், பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டுமானம் பாதியில் நின்ற ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஆள் ஒருவன் அசைவதைப் பார்த்ததாகச் செய்தி அனுப்பினார். கண்டக்டர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். காற்று அவளை இரண்டு முறை கதவோடு சேர்த்து அறைந்து உள்ளே தள்ளியது. மூன்றாம் முறை எழுந்தவள் வெளியே போகாமல், தம்பியைப் பற்றிய செய்திக்காக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பினாள். கணவனின் அக்காவை அதுவரை ஒரு சொல் கடிந்து பேசியவள் இல்லை.

“அண்ணி, நீங்க அந்த வார்த்தைய முடிச்சிருந்தா அது இந்நேரம் போயிருக்கும். நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, அது வந்து இவரைத் தூக்கிட்டுப் போகுது.”

அக்கா எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தகரக் கூரைகள் காகிதம்போலப் பறந்துகொண்டிருந்த தெருவில் அவள் நேராக, சாதாரண நடையில் போனாள். கடைப் பலகைகள் அவளுக்கு நான்கு அடி தள்ளி வளைந்து விழுந்தன. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தவர்கள், காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி போனாள் என்று பிற்பாடு சொன்னார்கள். பாலத்தின் நடுவில் ஒரு நாய் எங்கிருந்தோ வந்து அவள் காலடியில் ஒட்டிக்கொண்டு அக்கரைவரை நடந்து, தன் வழியே போயிற்று. கட்டடத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத படிகள். ஏழு மாடி ஏறினாள்.

கூரை இல்லாத தளத்தின் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். யாரோ உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்திருப்பதுபோல அவன் தலைமுடி நேர் மேலே நின்றது. அவன் முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவள் கதை சொன்ன நாட்களில்கூட அவ்வளவு கவனமாக அவன் எதையும் கேட்டதில்லை.

“அக்கா, அங்கேயே நில்லு. கிட்ட வராதே.”

“மூணு நாளாச்சுடா. உன் பொண்டாட்டி செத்துச் சுண்ணாம்பாயிட்டா.”

“இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. இத்தனை வருஷத்துல இப்பதான். நீ வந்தா போயிடும்க்கா. கொஞ்சம் தள்ளி நில்லு.”

அக்கா நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஐந்தடி இருந்தது. என்ன சொல்கிறது என்று கேட்டாள்; தன் குரலில் இருந்த தவிப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. முடியட்டும் சொல்கிறேன் என்று அவன் கையைக் காட்டினான், வகுப்பில் பேசுகிற பிள்ளையை அடக்குவதுபோல. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கம்பிகள் ஊளையிடுவதும் எங்கோ தகரம் அடித்துக்கொள்வதும் கேட்டது. தம்பி தலையாட்டினான், ஒருமுறை மெல்லச் சிரித்தான், உம் கொட்டினான். கண்ணாடியைக் கோணலாக வெட்டுகிறவன், முந்நூற்று எழுபத்தெட்டில் ஒன்றுகூடத் தெரியாதவன், உம் கொட்டிக்கொண்டிருந்தான்.

“இவனுக்கு உன் பேரே தெரியாது,” என்றாள் அவள், தம்பியைப் பார்க்காமல், அவன் தலைக்கு மேலே பார்த்து. “நான் ஒவ்வொரு எழுத்தா உன்னைப் படிச்சிருக்கேன்.”

பிறகு ஒன்றரை அடி முன்னால் வைத்தாள்.

தம்பி மூட்டைபோலத் தரையில் விழுந்தான். தலைமுடி படிந்தது. பாலத்துப் பக்கம் பலகைகள் பறப்பது நிற்கவில்லை, ஆனால் அந்தத் தளத்தில் மட்டும் ஓர் அடைத்த அறையின் புழுக்கம் வந்தது. அவன் திட்டவில்லை, அழவும் இல்லை. பாதியில் நின்றுபோச்சு என்றான், அவ்வளவுதான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஏழு மாடி இறங்கி, பாலம் தாண்டி, காற்றில்லாத நான்கடிக்குள் நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள். கண்டக்டர் வாசலில் கணவனை ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். அன்று மாலையே பெருங்காற்று ஓய்ந்தது. அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அக்கா ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். தம்பிக்கு ஒரு வார்த்தையும் ஞாபகமில்லை. முழுசாகக் கேட்டிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு பதினொரு மாதம் அவனை யாரும் தனியே விடவில்லை. காலையில் அக்கா அவன் கண்ணாடிக் கடையில் வந்து உட்காருவாள், அட்டைகளை அங்கேயே விரித்துக்கொள்வாள். மதியத்துக்கு மேல் அவன் அவளோடு மூன்றாம் மாடிக்குப் போய் அலமாரி ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவள் வீட்டையும் காலி செய்துகொண்டு தம்பி வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டாள். காற்று தெருமுனைவரை வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, குப்பையைக் கிளறிவிட்டுத் திரும்பிப் போவதைத் தெரு முழுக்கப் பார்த்தது. தம்பியின் கண்ணாடிகள் ஓரம் கோணாமல் நேராக வந்தன. வாடிக்கையாளர்கள் பாராட்டினார்கள். அவன் நேரத்துக்குச் சாப்பிட்டான், நேரத்துக்குத் தூங்கினான், கொஞ்சம் சதை போட்டான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். முன்னறையில் மூன்று பேருக்கும் புழுங்கியது. ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். சோப்பு டப்பாவை மூடவில்லை என்பதற்காக அக்காவும் கண்டக்டரும் நான்கு நாள் பேசவில்லை.

அந்தப் பதினொரு மாதத்தில் அக்கா ஒன்றைத் தெரிந்துகொண்டாள். காலையில் அவன் எதிரே முக்காலி போட்டு உட்காரும்போது அவளுக்குள் ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. தனக்குக் கிடைக்காதது இனி அவனுக்கும் இல்லை என்ற திருப்தி. குடும்பத்துக்காகத்தான் காவல் இருக்கிறேன் என்று அவள் நாளுக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அந்தத் திருப்தி இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. தன்மேலேயே அவளுக்கு வந்த கோபத்தில் ஒருநாள் ஏழு அட்டைகளைக் கிழித்தாள். அவை ஏழும் அந்த அரசனைப் பற்றியவை, அது விட்டுவிட்டுப் போன பிறகு சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பற்றியவை. மறுநாள் உட்கார்ந்து ஏழையும் திரும்ப எழுதினாள்.

முதலில் வாய் திறந்தவள் கண்டக்டர்தான். துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“வீட்டுலதான் இருக்காரு அண்ணி. ஆனா ஆள் இல்ல.”

அக்கா மடித்த துணியையே திரும்ப மடித்தாள். அப்புறம், விட்டால் திரும்பி வராமல் போகலாம் என்றாள். கண்டக்டர் அதற்கு, வராமல் போன மூன்று நாளில்கூட அந்த மனுஷன் எங்கேயோ இருக்கிறார் என்று தோன்றியது, இப்போது பக்கத்தில் படுத்திருக்கும்போது அப்படித் தோன்றவில்லை என்றாள். இரண்டு பேரும் கடைசித் துணிவரை மடித்து முடித்தார்கள். வெள்ளிக்கிழமை கண்டக்டருக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அக்கா தெருக்கோடிவரை போய் நிற்பது, இருட்டும் முன்பு அவனைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று கண்டக்டர் வெளியே நின்று காற்றிடம் சத்தமாக ஒருமுறை சொல்லிவிடுவது, மற்ற நாட்களில் வழக்கம்போல என்று ஏற்பாடாயிற்று. தம்பியிடம் சொன்னபோது அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சவரம் செய்துகொள்ளப் போனான்.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தம்பி வாசற்படியில் சுத்தமான சட்டையோடு ஆறு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனான். இரண்டாவது வெள்ளியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. குறுக்கே பேச்சை வெட்டியவளோடு அது கோபித்துக்கொண்டு அவனையும் தள்ளி வைத்துவிட்டது என்று அக்கா முடிவு செய்தாள். தெருக்கோடியில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியாததால் அட்டைகளைப் பையில் கொண்டுபோய், தபால் பெட்டியின் தலையில் வைத்து எழுதினாள். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரு சொல்லை இனித் தேடப்போவதில்லை என்று எந்த நாளில் தீர்மானித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. ஒவ்வோர் அட்டையாக வாய்விட்டுப் படித்தாள். எது வாயில் வந்ததோ அதை எழுதினாள். கடலுக்குக் காற்று, களிமண்ணுக்கு மூச்சு. போகிற வருகிறவர்கள் தபால் போட வேண்டுமென்றால் அட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். ஐந்தாவது வெள்ளிக்கிழமை முந்நூற்று அறுபத்தேழு முடிந்தன. மீதிப் பதினொன்றில், ஆறாவது வெள்ளிக்கிழமை, இரண்டு மணி பத்து நிமிடத்திலிருந்து மூன்று மணிக்குள், ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். கடைசி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் தெருவில் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அவள் திரும்பவில்லை. கண்டக்டர் மூச்சிரைக்க ஓடி வந்து, தூக்கிவிட்டது என்றாள்.

தம்பி ஏழு மணிக்குப் பதினொன்றாவது நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தான், கையில் யாருடையதோ ஒரு குடையோடு. இருட்டும் முன்பு என்ற பேச்சை அது சுமாராகத்தான் காப்பாற்றியது, ஆனால் காப்பாற்றியது. விட்ட இடத்திலிருந்து பேசியதா என்று அக்கா அவனிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கண்டக்டருக்குத் தெரிந்தது. தலைவர் பதினொரு ‘தெரியவில்லை’களைப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒன்றைப் போட்டே ஆகவேண்டும், அச்சகக்காரர் கத்துகிறார் என்றார். அக்கா மாட்டேன் என்றாள். அவரே பதினொன்றிலும் ஆவி என்று போட்டார். நூல் வெளிவந்து பல கைகளுக்குப் போயிற்று. அந்தச் சொல் எங்கே எதற்காக மாறுகிறது என்று ஒருவரும் கேட்டு எழுதவில்லை. எழுத்துப் பிழை என்று ஒருவர் எழுதினார், அது வம்ச வரிசையில்.

காற்று அக்காவை அதற்குப் பிறகும் தொடவில்லை. ஐம்பது வயதிலும் அவள் மின்விசிறிக்குக் கீழே நனைந்துகொண்டுதான் இருந்தாள், வெயில் காலத்தில் எல்லோரிடமும் சிடுசிடுத்தாள். அடுத்த பதிப்புக்காகக் குழு வேறொரு சொல்லைக் கொடுக்க முன்வந்தபோது, கல் மண் என்று ஏதாவது திடமாக இருந்தால் கொடுங்கள் என்றாள். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மணிக்குத் தபால் பெட்டிப் பக்கம் போய் நின்றாள், வீட்டுக்கு முதுகைக் காட்டி. அது கிளம்பும் சத்தம் கேட்டு, அடங்கிய பிறகுதான் திரும்புவாள். அதைப் பார்ப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை, அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அந்த ஏற்பாட்டின் இரண்டாவது ஆண்டின் மத்தியில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டக்டர் அவளுக்குத் துணையாகத் தெருக்கோடிக்கே வந்து, ஒரு பக்கமாகச் சுவரில் சாய்ந்து நிலக்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கதவுகள் அடித்துக்கொண்டன. கண்டக்டர் தெருவைப் பார்த்துக்கொண்டே, திரும்பிப் பாருங்கள் அண்ணி, ஒன்றும் ஆகிவிடாது என்று சொன்னாள்.

அக்கா கொஞ்ச நேரம் தபால் பெட்டியின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள். தம்பி மருந்துக் கடையின் பெயர்ப்பலகைக்கு மேலே, மின்கம்பிகளில் படாமல் காலை மடக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தான். அவன் கீழே பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மறையும்வரை அவள் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

“சட்டை பின்பக்கம் ஒரு முழத்துக்குக் கிழிஞ்சிருக்கு,” என்றாள்.

“கழட்டிக் குடுத்தாத்தானே தைக்க,” என்று கண்டக்டர் கையிலிருந்த கடலைத் தொலிகளை ஊதினாள். தொலிகள் பறந்து போய், அக்காவுக்கு நான்கு அடி தள்ளித் தரையில் விழுந்தன. இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள், சட்டையை இந்த வாரம் எப்படியாவது கழற்றி வாங்கிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே.